மூன்றாவது சீட்டு: லண்டன் தமிழ் வாக்காளர்களுக்கு ஒரு திறந்த மடல்

அன்புக்கும் மரியாதைக்கும் உரிய லண்டன் வாழ் தமிழ் வாக்காளப் பெருமக்களே,

ஹாரோவிலும் வெம்ப்ளியிலும், ஈஸ்ட் ஹாமிலும் இல்ஃபோர்டிலும், டூட்டிங்கிலும் குரோய்டனிலும் லூயிஷாமிலுமாக இப்பெருநகரின் நான்கு திசைகளிலும் பரந்து குடியிருக்கும் உங்களுக்கு, உங்களோடு இதே நகரத்தில் நெடுங்காலம் வாழ்ந்து, இதே கோயில் மண்டபங்களில் அமர்ந்து அரசியல் பேசிப் பழகிய ஒருவன், ஒரு வாக்குச்சீட்டைப் பற்றி எழுதுகிறேன். நகரத் தேர்தல் நடைபெறும் மே மாதத்து வியாழக்கிழமையன்று வாக்குச்சாவடியில் நம் கையில் மூன்று சீட்டுகள் தரப்படுகின்றன. மேயரைத் தேர்ந்தெடுக்க இளஞ்சிவப்பில் ஒன்று. லண்டன் அசெம்பிளி எனப்படும் நகர சபைக்கு நம் தொகுதியின் உறுப்பினரைத் தேர்ந்தெடுக்க மஞ்சளில் ஒன்று. அதே சபைக்கு லண்டன் முழுமைக்குமான உறுப்பினர்களைத் தேர்ந்தெடுக்க ஆரஞ்சு நிறத்தில் ஒன்று. முதற் சீட்டைப் பற்றி நம்மவர்கள் மாதக்கணக்கில் வாதிக்கிறார்கள். இரண்டாவதைப் பற்றி ஓரிரு வார்த்தை பேசுகிறார்கள். மூன்றாவதைப் பற்றிப் பேசுவோரைக் காண்பது அரிதாயிருக்கிறது. யோசியாமல் அதிலும் அதே கட்சிக்குக் குறியிட்டு வந்ததாகச் சொல்பவர்களும், ஒன்றும் எழுதாமல் மடித்துப் பெட்டியில் போட்டுவிட்டதாகச் சொல்பவர்களும், நன்கு கற்றவர்களிடையேயும் இருக்கிறார்கள். அந்த மூன்றாவது சீட்டே இத்தேர்தல் முறையின் ஜீவநாடி என்பதை உங்களுக்கு எடுத்துரைப்பதே இம்மடலின் உத்தேசம்.

இந்த அலட்சியம் நம் குணத்தின் குறையால் வந்ததென்று நான் கருதவில்லை; அவரவர் பழகிவந்த தேர்தல் முறைகளே இதற்குப் பெருங்காரணம் என்று நினைக்கிறேன். தமிழ்நாட்டிலிருந்து வந்தவர்களுக்குத் தேர்தல் என்றால் ஒரு தொகுதி, ஒரு வாக்கு, அதிக வாக்குப் பெற்றவருக்கு வெற்றி என்பதே இயல்பு. சென்னை மாநகராட்சியின் 200 வார்டுகளுக்கும் இதுவே விதி. இலங்கையிலிருந்து வந்தவர்களோ, 1978-ஆம் ஆண்டின் அரசியலமைப்பு கொண்டுவந்த விகிதாசார முறையில், 1989 முதல், கட்சிக்கு ஒரு வாக்கும் அதன் பட்டியலில் விரும்பியவர்க்கு விருப்பு வாக்கும் அளித்துப் பழகியவர்கள். 2018 பெப்ரவரியில் யாழ்ப்பாணம், கொழும்பு முதலான மாநகர சபைகளுக்கும் பிரதேச சபைகளுக்கும் கலப்பு முறையில் தேர்தல் நடந்தபோது, வட்டாரங்களுக்கு 60 வீதமும் பட்டியலுக்கு 40 வீதமும் என்று வகுக்கப்பட்டிருந்தபோதிலும், வாக்காளன் இட்டது ஒரே ஒரு புள்ளடிதான். அதுவே வட்டாரத்துக்கும் பட்டியலுக்கும் சேர்த்துக் கணக்கிடப்பட்டது. லண்டனில் அவ்விரண்டும் தனித்தனி வாக்குகள். இங்கே பட்டியலில் பெயர்கள் உண்டு, ஆயினும் அவற்றுள் ஒருவரைத் தேர்ந்தெடுக்கும் விருப்பு வாக்கு கிடையாது. ஆகவே எந்த ஊரிலிருந்து வந்தவரானாலும் அவர் கொண்டுவந்த அனுபவம் இம்முறையின் ஒரு பாதிக்கே பொருந்துகிறது. மறுபாதியை இங்கே வந்துதான் கற்க வேண்டியிருக்கிறது.

இச்சபை வந்த கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 1986 மார்ச் 31-ஆம் நாள் பெருலண்டன் கவுன்சில் கலைக்கப்பட்ட பிறகு, இத்தனை பெரிய தலைநகரம் தனக்கென்று தேர்ந்தெடுக்கப்பட்ட ஒரு பொதுச்சபையின்றிப் பதினான்கு ஆண்டுகள் இருந்தது. 1998 மே 7-இல் நடந்த பொதுவாக்கெடுப்பில், வாக்களித்தவர்களில் 72 சதவீதத்தினர் மேயரும் சபையும் வேண்டும் என்றனர். மறுத்த பேட்டை (பரோ) ஒன்றுகூட இல்லை. அதன்பின் 1999-ஆம் ஆண்டுச் சட்டத்தால் இச்சபை அமைந்து, 2000 மே 4-இல் முதல் தேர்தல் நடந்தது. மொத்த உறுப்பினர் 25 பேர். அவர்களில் 14 பேர், இரண்டு முதல் நான்கு வரையிலான பேட்டைகளைச் சேர்த்து வகுத்த தொகுதிகளிலிருந்து வருகிறார்கள்; எஞ்சிய 11 பேர் ஆரஞ்சுச் சீட்டின் பலத்தால், கட்சிப் பட்டியல்களிலிருந்து வருகிறார்கள்.

அந்தப் பதினோரு இடங்களைப் பங்கிடும் விதத்தில்தான் இம்முறையின் நியாயம் முழுவதும் அடங்கியிருக்கிறது. ஆதலால் இதைச் சற்றுப் பொறுமையோடு கேட்க வேண்டுகிறேன். விக்டர் டோண்ட் என்னும் பெல்ஜிய நாட்டுச் சட்ட அறிஞர் 1878-இல் எடுத்துரைத்த கணக்கு முறை இது. ஒவ்வொரு கட்சியும் லண்டன் முழுவதிலும் ஆரஞ்சுச் சீட்டில் பெற்ற வாக்குகளைக் கூட்டி, அக்கட்சி தொகுதிகளில் ஏற்கெனவே வென்ற இடங்களோடு ஒன்றைச் சேர்த்து, வந்த எண்ணால் அவ்வாக்குகளை வகுக்கிறார்கள். எந்தக் கட்சியின் ஈவு பெரிதோ அதற்கு முதல் இடம். இடம் பெற்ற கட்சியின் வகு எண் ஒன்று கூடுகிறது; மறுபடியும் ஈவுகளை ஒப்பிட்டு இரண்டாம் இடம்; இவ்வாறே பதினோரு இடங்களும் நிரம்பும் வரை. தொகுதிகளில் அதிகம் வென்ற கட்சிக்கு வகு எண் பெரிது, ஆகவே பட்டியலில் அதற்குக் கிடைப்பது குறைவு. தொகுதிகளில் ஒன்றும் வெல்லாத கட்சிக்கு வகு எண் ஒன்றே, ஆகவே அதன் வாக்கு குறையாமல் நிற்கிறது. தொகுதிகள் செய்த கோணலைப் பட்டியல் நிமிர்த்துகிறது.

2024 மே 2-இல் நடந்த தேர்தலையே எடுத்துக்கொள்ளுங்கள். ஆரஞ்சுச் சீட்டில் தொழிற்கட்சிக்கு ஏறத்தாழ 38 சதவீதமும், கன்சர்வேட்டிவ் கட்சிக்கு 26 சதவீதமும், பசுமைக் கட்சிக்கு 11.6 சதவீதமும், லிபரல் டெமாக்ரட் கட்சிக்கு 8.7 சதவீதமும், ரிஃபார்ம் கட்சிக்கு 5.9 சதவீதமும் கிடைத்தன. தொகுதிகளிலோ தொழிற்கட்சி 10, கன்சர்வேட்டிவ் 3, லிபரல் டெமாக்ரட் 1. தொகுதிகள் மட்டுமே சபையாக இருந்திருந்தால், நகர மக்களில் ஐந்தில் இரண்டு பங்கினரின் ஆதரவைக்கூட முழுமையாகப் பெறாத ஒரு கட்சி, சபையில் மூன்றில் இரண்டு பங்குக்கு மேற்பட்ட இடங்களைப் பிடித்திருக்கும். ஒன்பதில் ஒரு வாக்குக்கு மேல் பெற்ற பசுமைக் கட்சிக்கு ஓர் ஆசனமும் இருந்திராது. கணக்கின்படி தொழிற்கட்சியின் வாக்கு பதினொன்றால் வகுபட்டது. கன்சர்வேட்டிவ் கட்சியின் வாக்கு நான்கால் வகுபட்டது. பசுமைக் கட்சியின் வாக்கோ வகுபடாமல் நின்று முதல் இடத்தைப் பெற்றது. பதினோரு இடங்களும் பங்கிடப்பட்டபோது கன்சர்வேட்டிவ் 5, பசுமைக் கட்சி 3, மற்ற மூன்று கட்சிகளும் ஒவ்வொன்று என ஆயிற்று. முடிவில் 25 பேர் கொண்ட சபையில் தொழிற்கட்சிக்கு 11, கன்சர்வேட்டிவ் கட்சிக்கு 8, பசுமைக் கட்சிக்கு 3, லிபரல் டெமாக்ரட் கட்சிக்கு 2, ரிஃபார்ம் கட்சிக்கு 1. மக்களின் அபிப்பிராயம் எப்படிப் பிரிந்திருந்ததோ அதற்குப் பெரும்பாலும் ஒத்ததாகச் சபையும் பிரிந்தது. முற்றும் ஒத்ததென்று சொல்ல மாட்டேன். பதினோரு இடங்களால் நிமிர்த்தக்கூடிய அளவுக்கு நிமிர்ந்தது.

இன்னொரு செய்தியையும் நினைவில் வையுங்கள். 2000 முதல் 2021 வரை நடந்த ஆறு தேர்தல்களில் தொகுதி இடங்கள் மொத்தம் 84. அந்த எண்பத்து நான்கையும் இரண்டே கட்சிகள்தான் வென்றன. 2024-இல் தென்மேற்குத் தொகுதியை லிபரல் டெமாக்ரட் வென்றதே முதல் விலக்கு. ஆயினும் முதல் சபையிலிருந்தே நான்கு கட்சிகளேனும் அங்கே அமர்ந்திருந்தன என்றால், அது முழுவதும் ஆரஞ்சுச் சீட்டு செய்த காரியம்.

நாம் அளிக்கும் மற்ற வாக்குகளையும் பாருங்கள். பாராளுமன்றத் தேர்தலில் தொகுதிக்கு ஒருவர். பேட்டைக் கவுன்சில்களுக்கும் அதிக வாக்குப் பெற்றவரே உறுப்பினர். மேயர் தேர்தலில் முன்பு இருந்த முதல் விருப்பம், இரண்டாம் விருப்பம் என்னும் ஏற்பாடும் 2022-ஆம் ஆண்டுச் சட்டத்தால் நீக்கப்பட்டு, 2024-இல் ஒற்றைக் குறியாயிற்று. 1999 முதல் 2019 வரை ஐரோப்பியப் பாராளுமன்றத்துக்கு விகிதாசார முறையில் வாக்களித்து வந்தோம். பிரிட்டன் ஒன்றியத்தை விட்டு நீங்கியதும் அந்த வாக்கும் போயிற்று. ஆகவே, இன்று ஒரு லண்டன்வாசியின் கையில் எஞ்சியுள்ள விகிதாசார வாக்கு ஆரஞ்சுச் சீட்டு ஒன்றே. உங்கள் தெருவில் எந்தக் கட்சிக்கு மெஜாரிட்டி என்பது அச்சீட்டுக்குப் பொருட்டில்லை. பெக்ஸ்லியில் இருப்பவரின் வாக்கும் பிரென்ட்டில் இருப்பவரின் வாக்கும் ஒரே கூட்டலில் சேர்ந்து, ஒரே நிறையுடன் நிற்கின்றன.

இது நமக்கு எவ்வளவு முக்கியம் என்பதை 2009 ஜூன் மாதத்தில் நாமே கண்டோம். முள்ளிவாய்க்கால் முடிந்து சில வாரங்களே ஆகியிருந்த அத்துயர நாட்களில், ஜனனி ஜனநாயகம் அவர்கள் ஐரோப்பியப் பாராளுமன்றத் தேர்தலில் லண்டன் முழுமைக்கும் சுயேச்சையாக நின்று 50,000-க்கு மேற்பட்ட வாக்குகளைப் பெற்றார். எந்தப் பாராளுமன்றத் தொகுதியில் அவர் நின்றிருந்தாலும் நம் வாக்குகள் அத்தொகுதியின் எல்லையோடு நின்றிருக்கும். லண்டன் முழுவதும் ஒரே தொகுதியாக இருந்தமையால், நாற்றிசையிலும் சிதறிக் கிடந்த துயரம் ஒரே எண்ணாகத் திரண்டது. ஆசனம் கிடைக்கவில்லை என்பதும் மெய்யே; அது மொத்த வாக்கில் 3 சதவீதத்துக்கும் குறைவு. நகர சபையின் பட்டியலுக்கோ 5 சதவீதம் என்னும் கீழ்வரம்பு இருக்கிறது. ஆகவே நம் சமூகம் தனித்து நின்று ஓர் ஆசனத்தைப் பிடிக்கலாம் என்னும் ஆசையை வளர்ப்பதற்காக நான் இதை நினைவூட்டவில்லை. இனம் பார்த்து மட்டும் வாக்களிப்பது இந்நகரத்துக்கும் நமக்கும் க்ஷேமமானதும் அன்று. வீட்டு வாடகை, பேருந்துக் கட்டணம், காவல்துறை தெருவில் நம் பிள்ளைகளை நடத்தும் விதம், காற்றின் தூய்மை என்று நம் நித்திய வாழ்வைத் தொடும் விஷயங்களில், நம்முடைய மெய்யான அபிப்பிராயத்தை, அண்டை வீட்டார் எந்தக் கட்சி என்ற கவலையின்றித் தெரிவிக்க ஒரு வழி இருக்கிறது என்பதையே சொல்ல வருகிறேன்.

அந்த 5 சதவீத வரம்பைப் பற்றி இன்னும் சில வார்த்தைகள் சொல்லாமல் விட மனம் ஒப்பவில்லை. 2008-இல், குடியேறி வந்த நம் போன்றோரை வெளியேற்ற வேண்டும் என்னும் கொள்கையுடைய பிரிட்டிஷ் தேசியக் கட்சி, ஆரஞ்சுச் சீட்டில் 5.3 சதவீதம் பெற்று, ஓர் ஆசனத்தில் அமர்ந்தது. விகிதாசார முறையின் வாசல் நமக்கு வேண்டியவர்களுக்கு மட்டும் திறப்பதில்லை. அதை ஏற்றுக்கொண்டுதான் இம்முறையை நான் ஆதரிக்கிறேன். ஆனால் அந்த ஐந்து சதவீதம் செல்லுபடியான வாக்குகளின் மொத்தத்தில் கணக்கிடப்படுகிறது என்பதைக் கவனியுங்கள். செல்லுபடியாகும் ஒவ்வொரு வாக்கும், எக்கட்சிக்குப் போனாலும், அந்த வரம்பைச் சற்றே உயர்த்துகிறது. வெறுமையாக மடித்துப் போடப்படும் ஒவ்வொரு சீட்டும் அதைச் சற்றே தாழ்த்துகிறது. வீட்டிலிருந்தவர்களும் அவ்வாறே தாழ்த்தினார்கள். அவ்வாண்டு வாக்களித்தவர்கள் 45 சதவீதத்தினர். 2024-இலோ 41 சதவீதத்தை எட்டவில்லை. 2012-இல் அக்கட்சிக்கு ஓர் ஆசனமும் கிடைக்கவில்லை. அது தானாக நடந்த காரியமன்று. தெருத்தெருவாகச் சென்று மக்களை வாக்குச்சாவடிக்கு அழைத்த பல சமூகத்தினரின் பிரயத்தனமும் அதில் உண்டு.

இம்முறையில் குறையே இல்லை என்று சொல்வது நேர்மையாகாது. பட்டியலில் யார் முதலாவது, யார் எட்டாவது என்பதைத் தீர்மானிப்பது கட்சி. வாக்காளனுக்கு அதில் கை இல்லை. பட்டியல் உறுப்பினர் ஒருவர் விலகினாலோ இறந்தாலோ, அதே பட்டியலில் அடுத்திருப்பவர் வாக்கெடுப்பின்றி வந்து அமர்கிறார்; தொகுதி உறுப்பினரானால் இடைத்தேர்தல் நடக்கிறது. இலங்கையின் விருப்பு வாக்கை அறிந்தவர்களுக்கு இது ஒரு பின்னடைவாகவே தோன்றும். எனினும், அவ்விருப்பு வாக்கின் பெயரால் ஒரே கட்சிக்குள் வேட்பாளர்கள் ஒருவரோடொருவர் மோதிய கொடுமைகளையும் அவர்களே அறிவார்கள். இருவகைச் சீட்டும் இருப்பதால் தந்திரத்துக்கும் இடமுண்டு. இதே வகை முறையுள்ள ஸ்காட்லாந்தில், 2021-இல், அலெக்ஸ் சால்மண்ட் தலைமையில் அல்பா என்னும் கட்சி பட்டியலுக்கு மட்டும் போட்டியிட்டு, தொகுதியில் ஒரு கட்சிக்கும் பட்டியலில் தனக்கும் வாக்களிக்கும்படி கேட்டது; மக்கள் அதை ஏற்கவில்லை, ஓர் இடமும் அதற்குக் கிட்டவில்லை. இலங்கையில் 2018-இல் நேர்ந்ததுபோல் உறுப்பினர் தொகை பெருகிவிடும் சங்கடம் லண்டனில் இல்லை. அங்கே உள்ளூராட்சி உறுப்பினர்கள் 8,000-க்கு மேல் போயினர். இங்கே எவ்வகையில் வாக்கு விழுந்தாலும் 25 பேர்தான்.

இந்த இருபத்தைந்து பேருக்கு அப்படி என்ன அதிகாரம் என்று கேட்பீர்கள். மேயரைக் காட்டிலும் குறைந்த அதிகாரம்தான். அதை மறைக்க வேண்டியதில்லை. சபையால் சட்டம் இயற்ற முடியாது. ஆனால் மேயரின் வரவு செலவுத் திட்டத்தை, வாக்களிக்கும் உறுப்பினர்களில் மூன்றில் இரண்டு பங்கினர் சேர்ந்தால் திருத்தலாம். அவருடைய கொள்கைத் திட்டங்களையும் அதே பலத்தால் நிராகரிக்கலாம். அனைவரும் வாக்களித்தால் அதற்கு 17 பேர் வேண்டும். ஆகவே மேயருக்குத் துணையாக 9 பேர் இருந்துவிட்டால் எவராலும் அவர் திட்டத்தில் கை வைக்க இயலாது. இச்சபையில் கவனிக்க வேண்டிய எண் பாதியன்று, மூன்றில் ஒன்று. அந்த ஒன்பதாவது ஆசனம் இப்பக்கம் சாய்வதா அப்பக்கம் சாய்வதா என்பதைத் தொகுதிகளைக் காட்டிலும் பட்டியலே தீர்மானிக்கும் நாள் ஒன்று வரலாம்.

அதிகாரத்தால் அளக்க முடியாத பயன்களும் உண்டு. 2005 ஜூலை 7-ஆம் நாள் சுரங்க ரயில்களிலும் பேருந்திலும் குண்டுகள் வெடித்து 52 பேர் மாண்ட பிறகு, இச்சபையின் பல கட்சி உறுப்பினர்கள் அடங்கிய குழு, ரிச்சர்ட் பார்ன்ஸ் தலைமையில், உயிர் தப்பியவர்களை அழைத்து அமரவைத்து, அவர்கள் சொன்னதை முழுமையாகக் கேட்டது. சுரங்கத்துக்குள் மீட்புப் பணியாளர்களின் வானொலிக் கருவிகள் பயன்படாமற்போனதையும், காயம்பட்டும் பதறியும் வெளியே வந்தவர்களை எந்த ஏற்பாடும் அரவணைக்காததையும் 2006 ஜூனில் வெளியான அதன் அறிக்கை எடுத்துச் சொன்னது. அன்று காலை வேலைக்குப் போக அந்த ரயில்களை நம்பியிருந்தவர்களில் நாமும் இருந்தோம். அதிகாரிகள் தாமாக எழுதும் அறிக்கையில் இடம்பெறாத குரல்கள் அதில் இடம்பெற்றன என்பதற்காகவே நான் இச்சபையை மதிக்கிறேன்.

இனி என் வேண்டுகோள். அடுத்த தேர்தல் 2028 மே மாதத்தில். பிரிட்டிஷ் கடவுச்சீட்டு இல்லாதவருக்கு வாக்கில்லை என்று எண்ணி ஒதுங்கியிருக்கும் நம்மவர் பலர். இந்தியா, இலங்கை, மலேசியா, சிங்கப்பூர் ஆகியவற்றின் பிரஜைகள், காமன்வெல்த் நாட்டினர் என்ற முறையில், இங்கே தங்கியிருக்க அனுமதி பெற்றிருந்தால் வாக்காளராகப் பதிவு செய்யலாம், மாணவர்களும் செய்யலாம். பிரான்சிலிருந்தும் ஜெர்மனியிலிருந்தும் நெதர்லாந்திலிருந்தும் வந்து 2020 முடிவதற்கு முன்பே சட்டப்படி இங்கே வசிக்கத் தொடங்கிய குடும்பங்களும் அவ்வுரிமையை இழக்கவில்லை. வாக்குச்சாவடியில் புகைப்படமுள்ள அடையாள ஆவணம் அவசியம். இல்லாதவருக்கு அதற்கான சான்றிதழ் கட்டணமின்றித் தரப்படுகிறது.

சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளிகளை நடத்தும் பெரியோர்களிடமும், ஈலிங், ஹைகேட், விம்பிள்டன், ஈஸ்ட் ஹாம் முதலிய இடங்களில் உள்ள கோயில்களின் நிர்வாகிகளிடமும், கட்சி சார்பின்றி, மூன்று சீட்டுகளின் மாதிரியையும் மக்கள் கையில் கொடுத்து, டோண்ட் அவர்களின் கணக்கைப் பலகையில் போட்டுக் காட்டும் ஒரு பிற்பகலைத் தேர்தலுக்கு முன் ஒதுக்கித் தர வேண்டும் என்று பணிந்து கேட்டுக்கொள்கிறேன். கட்சிகளில் உறுப்பினராயிருக்கும் இளைஞர்களே, பட்டியலின் வரிசை முடிவாவது உங்கள் கட்சிகளுக்குள்தான். அந்த வேளையில் தூங்கிவிடாதீர்கள். மற்றவர்களோ, வேட்பாளர்கள் பொங்கல் விழாவுக்கும் தேர்த் திருவிழாவுக்கும் மாலை ஏற்க வரும்போது, அவர்களிடம் இவற்றைக் கேளுங்கள்: உங்கள் கட்சியின் லண்டன் பட்டியலை வரிசைப்படுத்தியது யார்? முதல் ஐந்து பெயர்கள் எவை? அவர்களில் எவரேனும் எங்கள் பேட்டையில் ஒருமுறையாவது மக்களைச் சந்தித்திருக்கிறார்களா? பேருந்துக் கட்டணத்தையும் வீட்டு வாடகையையும் பற்றி மேயரின் திட்டம் சபைக்கு வரும்போது அவர்கள் எப்பக்கம் வாக்களிப்பார்கள்?

இங்ஙனம்,
உங்கள் அன்புள்ள,
ஒரு லண்டன் தமிழ் வாக்காளன்